மூன்று டெனர்கள், ரோமில் ஓர் இரவு: 1990 கச்சேரிப் படத்தை எப்படிக் கேட்பது

எனக்கு மைக் செட் வேலை. மேடை ஓரத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் கருவி முன்னால் உட்கார்ந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. தொழில் கற்றுத் தந்த அண்ணன் ஒரு நாள் ஒரு வீடியோ கேசட்டைக் கையில் கொடுத்து, "இவங்க எங்கெங்கே மூச்சு எடுக்கிறாங்கன்னு கேட்டு எழுதிட்டு வா" என்றார். டெனர்கள், அதாவது உயர்ந்த ஸ்தாயியில் பாடும் ஆண் பாடகர்களான ஹோசே கரேராஸ், பிளாசிடோ டொமிங்கோ, லூசியானோ பவரொட்டி மூன்று பேரும் ஒரே மேடையில் பாடிய கச்சேரி அது. ஓபரா என்றால் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசைநாடகம் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. நான்கு பக்கம் எழுதினேன். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவர், "பாதி இடத்தை விட்டுட்டே, மறுபடி கேளு" என்றார். இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஓபராவே கேட்டிராத ஒருவர் இந்தப் படத்தைப் போட்டால் பத்து நிமிடத்தில் அணைத்துவிட வாய்ப்பு அதிகம். நல்ல விருந்தை இலை போடாமல் பரிமாறிய மாதிரி ஆகிவிடும். அந்த இலையைப் போட்டுத் தருவதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடமும் நாளும். 1990 ஜூலை 7. இத்தாலியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. மறுநாள் அதே ரோம் நகரில் இறுதிப் போட்டி. மூன்று பேருக்குமே கால்பந்து என்றால் உயிர். கச்சேரி நடந்த இடம் காரகல்லா குளியல் மண்டபம். ரோமானியப் பேரரசர் காரகல்லாவின் காலத்தில், கி.பி. 216இல் திறக்கப்பட்ட பொதுக் குளியலிடம். இன்று எஞ்சி நிற்பவை மாபெரும் செங்கல் சுவர்களும் தூண்களும்தான். 1937 முதல் அந்த இடிபாடுகளுக்கு நடுவே கோடைக்கால ஓபராக்கள் நடந்து வருகின்றன. அன்றிரவு வந்திருந்தவர்கள் சுமார் 6,000 பேர். இரண்டு இசைக்குழுக்கள் சேர்ந்து வாசித்தன: ஒன்று ஃபிளாரன்ஸ் நகரத்தின் மாஜியோ மியூசிக்காலே குழு, மற்றது ரோம் ஓபரா அரங்கத்தின் குழு. குழுக்களை மேடையில் கையசைத்து வழிநடத்தியவர் பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா. படமாக்கியவர் பிரையன் லார்ஜ். ஓபராக்களைப் படம் பிடிப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்.

இன்னொரு விஷயத்தையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள். 1987இல் கரேராஸுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பார்சிலோனாவிலும் பிறகு அமெரிக்காவின் சியாட்டிலிலும் சிகிச்சை. எலும்பு மஜ்ஜை மாற்று வரை போனது. பிழைப்பாரா என்பதே சந்தேகம், பாடுவது பிறகு. 1988இல் மேடைக்குத் திரும்பினார். அதே வருடம் ரத்தப் புற்றுநோய்க்காக ஓர் அறக்கட்டளையும் தொடங்கினார். ரோம் கச்சேரிக்கு மற்ற இருவரும் வந்ததில் நண்பனை வரவேற்கும் மகிழ்ச்சியும் இருந்தது. படம் முழுக்க அவர்கள் முகத்தில் அது தெரியும்.

சரி, இப்போது கருவிகள். இது என் துறை என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டி.வி.யோடு வரும் ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். நல்ல ஹெட்போன் போதும். அது இல்லையென்றால் இரண்டு தனி ஸ்பீக்கர்கள். டி.வி.யிலோ போனிலோ சத்தத்தைத் தானாகவே சமன்படுத்தும் வசதி ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். அது மெல்லிய சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். செய்தி கேட்க அது சரி. இந்தப் பாடகர்களோ கிசுகிசுப்பிலிருந்து முழு முழக்கம்வரை ஏறுவதற்காகவே வருடக்கணக்கில் உழைத்தவர்கள். அந்த ஏற்றத்தைத் தட்டையாக்கிவிட்டால் மிச்சம் இருப்பது கத்தல் மட்டும்தான். "ஓபரா என்றால் கத்தல்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வால்யூம் வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கரேராஸ் பாடும் 'கிரனாடா' பாட்டின் கடைசி அரை நிமிடத்தை ஓடவிட்டு, காது வலிக்காத உயரத்தில் நிறுத்துங்கள். அதன் பிறகு படம் முடியும்வரை கை வைக்கக் கூடாது. மெல்லிய இடங்களில் "கேட்கவில்லையே" என்று தோன்றினால் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். காது தானாகக் கூர்மையாகும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. திறந்தவெளிக் கச்சேரி என்பது பாதி இருட்டால் ஆனது.

முழுப் படமும் சுமார் ஒன்றரை மணி நேரம். முதல் நாளே முழுவதையும் பார்க்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. மூன்றே பாட்டுகள் போதும். அவற்றின் பொருளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். படத்தின் அடியில் ஓடும் எழுத்தை நம்பி உட்காராதீர்கள். கண் எழுத்தில் இருந்தால் காது பாதி மூடிவிடும்.

ஒன்று, கரேராஸ் பாடும் முதல் பாட்டு. சிலேயா என்பவர் இசையமைத்து 1897இல் மிலானில் அரங்கேறிய 'லார்லெசியானா' என்ற ஓபராவிலிருந்து வருவது. காதலில் அடிபட்ட ஃபெடரிகோ என்ற இளைஞன் பாடுகிறான். இடையன் கதையைச் சொல்ல ஆரம்பித்த பையன் பாதியிலேயே தூங்கிப்போனான். அதைப் பார்த்து இவன், தூக்கத்தில் மறதி இருக்கிறதே, எனக்கும் அப்படித் தூங்க வேண்டும், ஆனால் அவள் முகம் விடமாட்டேன் என்கிறது என்று ஏங்குகிறான். மிக மெதுவாக, பேச்சு மாதிரியே தொடங்கும். சாவைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், ஆறாயிரம் பேர் முன்னால், இப்படி ஓர் அடங்கிய குரலில்தான் கச்சேரியைத் தொடங்குகிறார். முதல் வரிக்கு முன்னால் அவர் உள்ளிழுக்கும் மூச்சைக் கவனியுங்கள். பிறகு பாட்டின் உச்சியில், அதே மூச்சு எவ்வளவு தூரம் இழுபடுகிறது என்று பாருங்கள். எனக்கு அந்த இடத்தில் இன்னும் கை நடுங்கும்.

இரண்டு, டொமிங்கோ பாடும் 'எ லுசேவான் லெ ஸ்தெல்லே'. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'தோஸ்கா' ஓபராவில் வரும் கவரதோஸி என்ற ஓவியன், விடியலில் சுட்டுக் கொல்லப்படப்போகிறான். கடைசிக் கடிதம் எழுத உட்கார்ந்தவனுக்குப் பழைய இரவு ஒன்று நினைவுக்கு வருகிறது: நட்சத்திரங்கள் மின்னின, மண் மணத்தது, தோட்டக் கதவு கிரீச்சிட்டது, அவள் வந்தாள். இந்த வாழ்க்கையை இவ்வளவு நேசித்ததே இல்லை என்று முடிக்கிறான். கதை நடப்பது 1800ஆம் ஆண்டு ரோமில்; இந்தக் காட்சி சாந்த் ஆஞ்செலோ கோட்டையின் மேல்தளத்தில். ஓபரா முதன்முதலில் அரங்கேறியது 1900 ஜனவரியில், அதுவும் ரோமில்தான். அன்று அது அரங்கேறிய கட்டடம்தான் இன்றைய ரோம் ஓபரா அரங்கம். ஆக, அந்த அரங்கத்துக் குழு இங்கே பின்னால் வாசிக்க, அதே ஊரில், நிஜமான வானத்தின் கீழ் நின்று டொமிங்கோ நட்சத்திரங்களைப் பாடுகிறார். தொடக்கத்தில் குரலுக்கு முன்னால் ஒரு கிளாரினெட் அந்த மெட்டைச் சொல்லும். அதைத் தவறவிடாதீர்கள். பாடகர் கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் முணுமுணுக்கும்போது நினைவைச் சுமப்பது அந்த வாத்தியம்தான்.

மூன்று, பவரொட்டியின் 'நெஸ்ஸுன் தோர்மா'. இதை நீங்கள் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். அந்த வருட உலகக் கோப்பை ஒளிபரப்புக்கு பி.பி.சி. இதையே முகப்பு இசையாக வைத்திருந்தது. புச்சினி முடிக்காமல் 1924இல் இறந்துபோன 'தூரந்தோத்' ஓபராவில் வருவது. ஃபிராங்கோ அல்ஃபானோ என்பவர் மீதியை எழுதிச் சேர்க்க, 1926இல் மிலானில் அரங்கேறியது. கதை இதுதான்: பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) நகரத்து இளவரசி, தன்னை மணக்க வந்த ஓர் அந்நியனின் பெயரை விடிவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும், அதுவரை ஊரில் யாரும் தூங்கக் கூடாது என்று ஆணையிட்டிருக்கிறாள். அந்த அந்நியனான காலாஃப், என் ரகசியம் என்னோடு இருக்கிறது, விடியலில் நான் வெல்வேன் என்று பாடுகிறான். 'வின்செரோ' என்றால் வெல்வேன். அந்தச் சொல் கடைசியில் மூன்று முறை வரும். மூன்றாவதில் மேலே ஏறும் சுரம் புச்சினியின் கையெழுத்தில் மிகச் சிறிய ஒன்று; அதை நீட்டிப் பிடிப்பது பாடகர்கள் வளர்த்த மரபு. பவரொட்டி அதைப் பிடிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பாரம் தூக்குகிற முகமாக இருக்காது. புருவம் உயர்ந்து, கண் அகன்று, தானே அதைக் கேட்டு வியப்பவர் மாதிரி இருப்பார்.

ஏன் இந்த மூன்று? முதல் பாட்டு தூக்கத்துக்காக ஏங்குகிறது. கடைசிப் பாட்டு யாரும் தூங்க வேண்டாம் என்கிறது. நடுவில் ஒருவன் விடியலுக்காகக் காத்திருக்கிறான், சாவதற்கு. திட்டமிட்டு இப்படி அடுக்கினார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. இந்த நூலைப் பிடித்துக்கொண்டால் கச்சேரி தனித்தனிப் பாட்டுகளாகச் சிதறாது, ஓர் இரவாகவே கேட்கும்.

நம் காதுக்கு ஒரு தடை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். "குரல் ஏன் இப்படி ஆடுகிறது?" என் மகளும் இதைத்தான் முதலில் கேட்டாள். கர்நாடக சங்கீதத்தில் குரல் அசைந்தால் அது கமகம். ராகம் கேட்கிற அசைவு, எந்தச் சுரத்தில் எவ்வளவு என்று கணக்கு உண்டு. ஓபராவில் கேட்கும் அதிர்வு வேறு. அது ராகத்தைச் சேர்ந்ததல்ல, குரலைச் சேர்ந்தது. இறுக்கம் இல்லாத தொண்டையிலிருந்து முழு மூச்சோடு குரல் வரும்போது நொடிக்கு ஐந்தாறு முறை அது தானாக அலையும். அலையின் நடுக்கோட்டைச் சுருதியாகப் பிடித்துக் கேளுங்கள். இரண்டு மூன்று பாட்டுக்குள் காது பழகிவிடும். அதன் பிறகு அந்த அலை இல்லாத குரல் வறண்டதாகத் தோன்ற ஆரம்பித்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்த கேள்வி மைக். ஓபரா அரங்கத்தில் மைக் கிடையாது. அத்தனை வயலின்களையும் எக்காளங்களையும் தாண்டி வெறும் குரல் கடைசி வரிசைவரை போக வேண்டும். எப்படிப் போகிறது? இசைக்குழுவின் பலமெல்லாம் 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வுகள்) பக்கம் குவிந்திருக்கும். அதற்கு மேலே போகப் போகக் குறைந்துவிடும். பயிற்சி பெற்ற ஆண் குரல், தொண்டையை அமைக்கும் விதத்தால், 3,000 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தில் ஒரு தனிப் பிரகாசத்தை உண்டாக்குகிறது. குழு மெலிந்திருக்கும் அந்த இடத்தில் குரல் தனியாக நிற்கிறது. மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் ஏறக்குறைய அங்கேதான். இதை முதலில் தெரிந்துகொண்ட அன்று நான் மிக்ஸரில் அந்த அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைக்கும் பட்டனைத் திருகித் திருகிப் பார்த்தேன். பவரொட்டி குரலில் அந்தப் பிரகாசத்தை நீங்களே கேட்கலாம்; கோயில் மணியின் விளிம்புச் சத்தம் போல இருக்கும்.

திறந்தவெளியில் இதெல்லாம் போதாது. சுவர் இல்லை, கூரை இல்லை, திரும்பி வரும் சத்தமே இல்லை. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் விழும். அதனால்தான் காரகல்லாவில் மைக்கும் ஸ்பீக்கரும் தேவைப்பட்டன. இதை ஏமாற்று வேலை என்று சொல்பவர்களும் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மைக் குரலைப் பெரிதாக்கும், மூச்சைத் தராது. இன்னொன்று, மண்டபத்தில் பாடுபவருக்குத் தன் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும், அதை வைத்து அளவு தெரியும். வெட்டவெளியில் அது வராது. வராதபோது பயந்துபோய் ஓங்கிப் பாடிப் பாதியிலேயே தொண்டை கட்டியவர்களை நான் என் மேடைகளிலேயே பார்த்திருக்கிறேன். இந்த மூவரும் உடம்பின் உணர்வை மட்டும் நம்பிப் பாடுகிறார்கள், ஒருவரும் அவசரப்படவில்லை. அந்த நிதானத்தைக் கேளுங்கள்.

மூன்று குரல்களையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தறியப் பழகுங்கள். கரேராஸின் குரலில் ஈரமும் ஒரு விரிசலும் இருக்கும், எந்த வரியும் அழுகைக்கு ஓரடி முன்னால் நிற்கிற மாதிரி. டொமிங்கோ இளமையில் இன்னும் தாழ்ந்த பாரிடோன் குரலில் தொடங்கியவர்; அந்தக் கருமை அடியில் இருந்துகொண்டே இருக்கும், வெண்கலம் மாதிரி. பவரொட்டியிடம் சொற்கள் தெளிவு, இத்தாலிய மொழி தெரியாதவருக்கும் எழுத்து எழுத்தாக விழும். இதற்கு நல்ல பயிற்சி ஒன்று உண்டு. அதே ஓவியன் கவரதோஸி, கதையின் தொடக்கத்தில் மகிழ்ச்சியாக இருக்கும்போது பாடும் 'ரெகோன்திதா அர்மோனியா'வை இந்தக் கச்சேரியில் பவரொட்டி பாடுகிறார். அதையும் டொமிங்கோவின் நட்சத்திரப் பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒரே மனிதன், இரண்டு தொண்டைகள்.

இரண்டாம் நாள் முழுக் கச்சேரி. ஆளுக்கு நான்கு என்று மொத்தம் 12 தனிப்பாட்டுகள் உண்டு. எல்லாமே ஓபரா அல்ல. இத்தாலியின் நேப்பிள்ஸ் வட்டாரப் பாட்டுகள் உண்டு, வியன்னா பாணி மெல்லிசை உண்டு. டொமிங்கோவின் 'நோ புவேதே ஸேர்' பாட்டை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். அது ஸ்பெயினின் இசைநாடக வகையான சார்சுவேலாவைச் சேர்ந்தது. அவருடைய அப்பா அம்மா இருவருமே சார்சுவேலா கலைஞர்கள், மெக்சிகோவில் குழு வைத்து நடத்தியவர்கள். எல்லோரும் கெட்டவள் என்று சொல்லும் பெண்ணைப் பற்றி, அப்படி இருக்கவே முடியாது என்று ஒருவன் தவிக்கும் பாட்டு. வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிற உரிமையோடு பாடுவார். கரேராஸ் 'ஆந்த்ரேயா ஷெனியே' ஓபராவிலிருந்து பாடும் நீண்ட பாட்டும் முக்கியம். நோயிலிருந்து மீண்டவர் என்று இரக்கத்தோடு கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு அது பதில்.

கண்ணுக்கு வேலை இரண்டாம் நாளில்தான். மேத்தாவின் இடது கையைப் பின்தொடருங்கள். பாடகர் ஒரு சுரத்தை நீட்டும்போது அந்தக் கை அப்படியே காற்றில் நிற்கும். பாடகர் மூச்சு எடுத்தவுடன் இறங்கும். பக்கவாத்தியக்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பாரே, அதேதான், இரண்டு இசைக்குழுக்களைச் சேர்த்துக்கொண்டு. பவரொட்டியின் கையில் ஒரு பெரிய வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். ஓபராவில் நடிப்பதால் கைக்கு வேலை உண்டு. கச்சேரியில் சும்மா நிற்கும் கையை என்ன செய்வது? கைக்குட்டை அந்தக் கையை அடக்கி வைத்திருக்கிறது.

தனிப்பாட்டுகள் முடிந்ததும் மூவரும் சேர்ந்து பாடும் நீண்ட பாட்டுக் கதம்பம் வரும். இசையமைப்பாளர் லாலோ ஷிஃப்ரின் தொடுத்தது. பல மொழி, பல நாட்டு மெட்டுகள். அதில் எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில மெட்டுகள் இந்தக் குரல்களுக்கு இறுக்கமான சட்டை. ஆனாலும் தாண்டிவிடாதீர்கள். ஒருவர் பாடும்போது மற்ற இருவர் நின்று கேட்கும் விதம் அங்கேதான் தெரியும்.

பிறகு ரசிகர்கள் விடாமல் கைதட்ட, கதம்பத்தில் ஏற்கெனவே வந்த 'ஓ சோலே மியோ' மறுபடி வரும். 1898இல் பிறந்த நேப்பிள்ஸ் பாட்டு, வெயில் நாளின் அழகைச் சொல்வது. அதில் பவரொட்டி ஒரு சுரத்தைப் பிடித்து வேண்டுமென்றே குலுக்கிக் குலுக்கி நீட்டுவார். கூட்டம் சிரிக்கும். உடனே மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, அதே குலுக்கலைச் சேர்ந்து திருப்பிப் போடுவார்கள். முகத்தை மட்டும் பார்த்து இதை ரசித்துவிடலாம். ஆனால் ஒரு முறை கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் குலுக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். விளையாட்டுக்கும் அங்கே மூச்சுக் கணக்கு இருக்கிறது. கடைசியில் 'நெஸ்ஸுன் தோர்மா'வை மூவரும் பங்கிட்டுப் பாடுகிறார்கள். மூன்று குரல்களையும் பிரித்தறியும் பயிற்சி இங்கே பயன்படும்.

இதே மூவர் 1994இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் 1998இல் பாரிஸிலும் பாடினார்கள். கூட்டமும் மேடையும் பெரிது. அவற்றைப் பிறகு பாருங்கள். முதலில் ரோம்.

படம் முடிந்தவுடன் அணைத்துவிட வேண்டாம். ஐந்து நிமிடம் இருட்டிலேயே இருங்கள். பிறகு முதல் பாட்டுக்குத் திரும்பிப் போய், கரேராஸ் தூக்கத்துக்காக ஏங்கும் அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு முறை போடுங்கள். ஒரு தாளும் பேனாவும் கையில் இருக்கட்டும். மூச்சு எடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கோடு போடுங்கள். என் முதல் தாளில் பாதி விட்டுப்போயிருந்தது, உங்களுடையதிலும் விட்டுப்போகும். மறுநாள் அதே தாளோடு உட்காருங்கள்.